மெக்கானிக்கல் முடித்தவர்கள்: கோரில் (படித்த துறையில்) நிற்பதா, ஐ.டி.க்கு மாறுவதா?

நட்டுபோல்ட்:
பி.இ. மெக்கானிக்கல் எடுத்தது தப்போ என்ற கவலையோடுதான் ஒவ்வொரு பேட்ச்சும் வெளியே வருகிறது. ஒரகடத்திலோ ஓசூரிலோ பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து தரும் வெண்டர் கம்பெனியில் சேர்ந்தால் பதினைந்தாயிரம் சொச்சம், ஷிப்ட் வேலை, டிப்ளமோ முடித்தவருக்கும் கிட்டத்தட்ட அதே சம்பளம். ஆறு மாதம் ஜாவாவும் எஸ்.கியூ.எல்.லும் படித்து மாறிவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

அச்சாணி:
நீங்கள் சொல்வது முதல் வருடச் சம்பளம். கோர் நேர்காணலில் பலர் விழுவது டிராயிங் படிக்கத் தெரியாமல். 25 எச்7/ஜி6 (25 மி.மீ. துளைக்கும் அதில் நுழையும் தண்டுக்கும் அளவு வரம்பு சொல்லும் குறியீடு) என்று எழுதிக் கொடுத்து கிளியரன்ஸ், அதாவது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். துளைக்கு 0 முதல் +0.021 மி.மீ., தண்டுக்கு −0.020 முதல் −0.007. ஆக, குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41. கல்லூரியிலேயே நடத்திய பாடம்தான் இது. கணினியில் வரையக் கற்றுத்தரும் கேட் (CAD) சென்டரில் மூன்று சாஃப்ட்வேர் கற்று அழகாக மாடல் போடுகிறார்கள். டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்ற வரம்பு) கொடுக்கச் சொன்னால் எல்லா இடத்திலும் ±0.01 போட்டுவிடுகிறார்கள். சாதாரண டர்னிங்கில் முடிய வேண்டிய பாகம் கிரைண்டிங் வரை போகும், விலை எகிறும். கோளாறு படிப்பில் இல்லை, படித்த விதத்தில்.

நட்டுபோல்ட்:
சரி, அந்தக் கணக்கைச் சரியாகச் சொன்னவருக்கும் அதே பதினைந்தாயிரம்தானே? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அச்சாணி:
டிராயிங்கோடு பி.பி.ஏ.பி. (பாகத்துக்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வாங்கும் முறை), எம்.எஸ்.ஏ. (அளவெடுக்கும் முறையை நம்பலாமா என்று சோதிப்பது) கையாளத் தெரிந்தவர் குவாலிட்டிப் பிரிவுக்குப் போவார். இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பேரம் பேச இடம் உண்டு. புரொடக்‌ஷன் லைனிலேயே நின்றுவிட்டவருக்கு இல்லை; அதை ஒப்புக்கொள்கிறேன்.

தராசு:
ஆறு மாதத்தில் ஐ.டி. என்பதில் இருக்கும் ஓட்டையையும் பாருங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் ஃப்ரெஷர் அறிவிப்பில் தேர்ச்சி ஆண்டு குறிப்பிட்டிருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது என்றும் பல இடங்களில் கேட்பார்கள். இந்த வரம்புக்குள் வராதவருக்கு கோர்ஸ் சான்றிதழ் உதவாது. அப்போதுதான் சிலர் போலி அனுபவச் சான்றிதழ் வாங்குகிறார்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து முந்தைய வேலையைச் சரிபார்த்தால் மாட்டிக்கொள்வார்கள். சேர்ந்த பிறகும் வேலை போகும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நட்டுபோல்ட்:
அதனால்தான் முடித்த உடனே மாறச் சொல்கிறேன். தள்ளிப்போட்டால் கதவு சாத்திவிடும். கடைசி செமஸ்டரிலேயே எஸ்.கியூ.எல்.லில் ஜாயின், குரூப் பை, சப்குவெரி மூன்றையும் கை பழகும் வரை எழுதிப் பார்க்க வேண்டும். "துறையின் சராசரியைவிட அதிகச் சம்பளம் வாங்குபவர் யார்?" என்ற ஒரு கேள்விக்கே பலர் திணறுகிறார்கள்.

தராசு:
உடனே முடிவெடுப்பது கோருக்கும் பொருந்தும் நண்பரே. மத்திய அரசின் நாட்ஸ் (NATS) திட்டத்தில் அப்ரன்டிஸ் பயிற்சி ஒரு வருடம்; பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 2019 விதியில் மாதம் 9,000 ரூபாய் என்று இருந்தது. படிப்பு முடிந்தபின் ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் தகுதி போய்விடும். கிடைத்த வேலையில் முதலில் சேர்ந்துவிட்டு, பிறகு இதைத் தேடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எம்.டெக்.குக்கும் பொதுத்துறை வேலைக்கும் எழுதும் கேட் (GATE) தேர்விலும் ஒரு குழப்பம்: மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்று நம்பி உட்காருவார்கள். எம்.டெக்.குக்கு அது சரி. பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆண்டின் மதிப்பெண்ணைத்தான் கேட்கும்.

அச்சாணி:
யாரும் பேசாத ஒன்று, ஆலை இயந்திரங்களைத் தானாக இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோலர். நியூமாட்டிக்ஸ் (காற்றழுத்தத்தில் இயங்கும் அமைப்புகள்) ஏற்கெனவே தெரிந்த மெக்கானிக்கல்காரருக்கு, அதற்கு நிரல் எழுதும் லேடர் லாஜிக் பிடிபட அதிக நாள் ஆகாது. சிமுலேட்டரோடு நிற்கும் சென்டருக்குப் பணம் கட்டாதீர்கள். சென்சார், சிலிண்டர், ரிலே வயரிங் செய்யும் பேனல் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

நட்டுபோல்ட்:
பி.எல்.சி.யை ஏற்கிறேன், ஆனால் கமிஷனிங் (இயந்திரத்தை வாடிக்கையாளர் இடத்தில் நிறுவி ஓடவைப்பது) என்றால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். வீட்டுப் பொறுப்பு இருப்பவர் சேரும் முன்பே மாதத்தில் எத்தனை நாள் வெளியூர், தினப்படி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.