பல் முளைத்த பிள்ளைக்குப் பால்: எங்கள் அனுபவங்கள்

கோண்டாவில் அம்மா:

என் மகளுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும். இன்னும் பால் குடிக்கிறாள். இதை வெளியில் சொல்லும்போதெல்லாம் என் குரல் தானாகவே இறங்கிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இங்கே உரக்கவே எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

பேச்சு தொடங்கியது, முதற்பல் முளைத்ததற்குச் செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கு அன்று. வெள்ளைத் துணி விரித்து மகளை இருத்தித் தலையில் கொழுக்கட்டை கொட்டினோம். முன்னால் புத்தகம், பேனா, நகை எல்லாம் பரப்பியிருந்தோம். அவள் எதையும் எடுக்கவில்லை. நேரே என் மடிக்குத் தவழ்ந்து வந்து சட்டையை இழுத்தாள். வீடே சிரித்தது. "பல் வந்துவிட்டது, இனிக் கடிப்பாள். மெல்ல நிறுத்திவிடு பிள்ளை" என்றார் மாமி. அன்பாகத்தான் சொன்னார். பிள்ளை பெற்ற நாட்களில் பால்சுறா வறையும் முருங்கையிலையும் சரக்கரைத்த கறியும் ஆக்கித் தந்து என்னைத் தேற்றியவர் அவர். பால் ஊற வேண்டுமென்று அவ்வளவு பாடுபட்டவர், ஊறுகிற பாலை நிறுத்தச் சொன்னது எனக்கு விளங்கவில்லை. மகள் கடித்ததும் உண்மைதான், இரண்டு தடவை. வாயோரம் விரலை விட்டு எடுத்து, "அம்மாவுக்கு நோகிறது" என்று மடியிலிருந்து இறக்கிவிட்டேன். மூன்றாம் தடவை கடிக்கவில்லை.

ஒன்றரை வயதில் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு வைத்தியர், "ஒரு வயதுக்குப் பிறகு அது வெறும் தண்ணீர்" என்றார். அந்த மூன்று நாளும் மகள் சோறு தொடவில்லை, கஞ்சி தொடவில்லை. உடம்பில் இறங்கியது தாய்ப்பால் மட்டுமே. அடுத்த கிளினிக்கில் எங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டேன். எடை எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டே பதில் சொன்னார்: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் வயதிலும் பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கலாம். "நீங்களும் பிள்ளையும் விரும்பும்வரை கொடுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து மாமியிடம் வரி பிசகாமல் ஒப்புவித்தேன்.

மனதில் நிற்பது நயினாதீவுப் பயணம். குறிகட்டுவானில் படகு ஏறியதும் எஞ்சின் சத்தத்துக்கும் டீசல் மணத்துக்கும் பயந்து மகள் வீரிட்டாள். "பாச்சி, பாச்சி" என்று சேலையை இழுத்தாள். அப்போது ஒன்றே முக்கால் வயது, வயதை மீறிய வளர்த்தி வேறு. கொடுத்தேன். பக்கத்தில் இருந்த இளம் பெண் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எதிரே இருந்த ஒரு ஆச்சி எழுந்து, படகின் ஆட்டத்தில் ஒரு கையால் பலகையைப் பிடித்தபடி, மறு கையால் தன் துவாயை எங்கள் பக்கம் விரித்துப் பிடித்தார். மறைக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்து எனக்கு முகம் சுட்டது. "உப்புக் காற்று பிள்ளையின் காதில் அடிக்கிறது" என்றார். கரை சேரும் வரை கையை இறக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து:

நான் வேலைக்குப் போகும் தாய். இலங்கையின் 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒன்பது மணி நேர வேலைக்குள் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளைப் பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். ஆனால் அது பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரைதான். மகனின் பிறந்தநாள் முடிந்த மறுநாளே மேலதிகாரி அதை நினைவுபடுத்தினார். அதோடு பாலையும் நிறுத்த வேண்டும் என்றே நானும் எண்ணிவிட்டேன். தேவையே இருக்கவில்லை. முதல் வாரம் மார்பு கல்லாகக் கட்டியது. கழுவுமிடத்தில் நின்று கையால் கொஞ்சம் பீச்சி விட்டேன், நோவு தணியும் அளவுக்கு மட்டும். பிறகு உடம்பே பழகிக்கொண்டது. காலை, மாலை, இரவு என்று இரண்டரை வயது வரை கொடுத்தேன். மாலையில் படலை திறக்கும் சத்தம் கேட்டதும் அவன் ஓடி வந்து திண்ணையில் ஏறி இருப்பான். நான் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்க மாட்டான்.

மானிப்பாயிலிருந்து:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. மூத்தவளுக்கு ஒன்றேகால் வயதில் அயலவர் சொன்னதைக் கேட்டு வேப்பெண்ணெய் பூசிப் பால் மறக்கடித்தேன். வாய் வைத்தாள், முகம் சுருங்கியது. அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வருடமாகிறது, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தக் குற்ற உணர்ச்சியில் இளையவனுக்கு எந்நேரமும் கொடுத்தேன். அதுவும் பிழையாகப் போனது. பாலால் வயிறு நிரம்பிச் சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்வான். ஒன்றரை வயதில் கிளினிக் அட்டையில் எடைக் கோடு படுத்துவிட்டது, கண்மடல் வெளிறிவிட்டது. இரத்தத்தைப் பார்த்தால் இரும்புச்சத்துக் குறைவு. தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு, ஆறு மாதத்துக்குப் பிறகு அது உணவிலிருந்துதான் வர வேண்டும். மருந்து தந்தார்கள், பாலை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொன்னார்கள். முதலில் சாப்பாடு, பிறகு பால். நெத்தலி, முட்டை மஞ்சட்கரு, ஈரல், பயறு, முருங்கையிலை எல்லாம் மசித்துக் கொடுத்து, இரும்பு உடம்பில் சேர ஒரு தோடம்பழச் சுளையும் கொடுத்தேன். தேத்தண்ணீரை அறவே விட்டோம். மூன்று மாதத்தில் கோடு எழும்பியது. அவனும் இரண்டே கால் வயது வரை குடித்தான். அவனாகக் கேட்டால் கொடுப்பேன், நானாகக் கொடுக்க மாட்டேன். அப்படியே குறைந்து குறைந்து நின்றது. இரவில் கொடுத்துவிட்டு ஈரத் துணியால் பல்லைத் துடைக்க மறக்காதீர்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

இது என் அம்மாவின் கதை. அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு இரண்டு. "இன்னுமா கொடுக்கிறாய்?" என்று ஊரே அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கவே விடிந்துவிட்டது. சனநெரிசல், மழை. கடை இல்லை, அடுப்பு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அப்பா குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் சேர்த்தார். அதில் இரண்டு மிடறு எனக்கு, மிச்சம் அம்மாவுக்கு. அம்மா நின்றபடியே தம்பிக்குப் பால் கொடுத்தார். பயத்தில் பால் வற்றிவிடும் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். வற்றவில்லை. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும் என்று அம்மா இன்றும் சொல்வார். அந்த இரண்டு நாளும் தம்பிக்குச் சாப்பாடு அதுதான்.

2022இல் பொருளாதார நெருக்கடியில் ஊரெல்லாம் பால்மாப் பைக்கற்றுக்கு வரிசையில் நின்றபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. நான் வரிசைக்குப் போகவில்லை. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் முருங்கையிலை ஆய்ந்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

கோண்டாவில் அம்மா:

சாவகச்சேரி அக்கா, வாசித்துவிட்டு மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். தம்பி எப்படி நிறுத்தினார் என்று அம்மாவிடம் கேட்கச் சொல்கிறார்.

சாவகச்சேரியிலிருந்து:

கேட்டேன். 1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பிய பிறகும் குடித்தானாம். அயல்வீட்டு ஆடு குட்டி போட்டதும் நாள் முழுக்க அந்தக் குட்டிக்குப் பின்னால் திரிந்து பகல் பாலை மறந்தான். இரவுப் பால் இன்னும் சில மாதம். மூன்றேகால் வயதில் அதுவும் நின்றது. மாமிக்கு அம்மா சுகம் சொல்லச் சொன்னார்.