பெற்ற பிள்ளையை அடிக்க வைப்பது எது? அந்த அடி குழந்தைக்குள் என்ன செய்கிறது?

கேள்வி (ஒரு தந்தை)

எனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சென்ற வாரம் அவள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவள் சட்டென்று தோளைக் குறுக்கி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கை புத்தகத்தை நோக்கித்தான் போகிறது என்று தெரிந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் மீண்டும் வண்ணம் தீட்டத் தொடங்கிவிட்டாள். அந்த 'ஒன்றுமே நடக்காததுபோல்' என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், நான் அவளை அடித்திருக்கிறேன். முதுகில் ஒரு தட்டு என்றுதான் தொடங்கியது. இரண்டு மாதங்களுக்கு முன்பு, பள்ளிக்குக் கிளம்ப நேரமாகிவிட்ட ஒரு காலையில், காலணியை அணிய மறுத்தாள் என்பதற்காகத் தொடையில் அறைந்தேன். மாலையில் அவளைக் குளிப்பாட்டிய என் மனைவி என்னை அழைத்துக் காட்டியபோது, என் விரல்களின் தடம் கோடுகோடாகத் தெரிந்தது. என் தந்தை என்னை இடைவாரால் அடித்து வளர்த்தவர். அவரைப்போல் ஆகமாட்டேன் என்று சபதம் செய்தவன் நான்.

கை ஓங்க வைப்பது எது? அடிபட்டு வளர்ந்தவன் அடித்துத்தான் தீருவானா? இதுவரை நடந்தது அவளுக்குள் என்ன செய்திருக்கும்?

பதில் 1 (குழந்தை மருத்துவர்)

ஐயா, உடலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்; மனத்தைப் பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் எழுதுவார்கள். விரல்தடம் விழுந்த அடியை மருத்துவக் குறிப்பில் நாங்கள் 'தட்டு' என்று எழுதுவதில்லை, காயம் என்றே எழுதுவோம். அறையின் வேகத்தில், விரல் பட்ட இடத்திலிருந்த ரத்தம் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டு, அங்கே நுண்ணிய குழாய்கள் கிழிவதால்தான் அந்தக் கோடுகள் தோன்றுகின்றன. ஓடி விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முன்னங்காலிலும் நெற்றியிலும் கன்றிப்போவது இயல்பு. காது, கழுத்து, வயிறு, பிட்டம் போன்ற இடங்களில் கன்றியிருந்தால் எங்களுக்குக் கேள்வி எழும். இன்னும் தவழவே தொடங்காத கைக்குழந்தையின் உடலில் எங்கே கன்றியிருந்தாலும் விசாரிக்காமல் விடமாட்டோம்.

இதை மருத்துவ உலகமே மிகத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 1946இல் ஜான் காஃபி என்ற கதிர்ப்பட மருத்துவர், மூளையைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்த ஆறு குழந்தைகளின் கைகால்களில் பல எலும்பு முறிவுகளும் இருப்பதைக் கண்டு எழுதினார். அதற்குப் பெற்றோரின் கையே காரணமாக இருக்கலாம் என்று ஹென்றி கெம்பேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1962இல் வெளிப்படையாக எழுதி, அதற்கு ஒரு பெயரும் சூட்டிய பிறகே மருத்துவர்கள் பரவலாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். பெற்றவர்கள் இப்படிச் செய்வார்களா என்ற தயக்கம்தான் அத்தனை ஆண்டுகளும் கண்ணை மறைத்தது.

இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கலாம் என்பதால் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பிறந்த இரண்டாவது மாதத்தை ஒட்டிக் குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போகும். அதில் சில அழுகை எதைச் செய்தாலும் நிற்காது. உறக்கமில்லாத பெற்றோர் பொறுமை இழந்து குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுவதால், வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமலேயே மூளையிலும் விழித்திரையிலும் ரத்தம் கசிந்து, உயிர் போகவோ பார்வை போகவோ நேரலாம். அந்த நேரத்தில் குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ச் சில நிமிடங்கள் நின்றுவிட்டு வருவது குற்றமே இல்லை.

பதில் 2

எல்லாரும் சேர்ந்து இவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். அடியாத மாடு படியாது என்று நம் முன்னோர்கள் தெரியாமலா சொன்னார்கள்? நானும் அடிபட்டவன்தான், படித்தேன், வேலைக்குப் போனேன், பெற்றோரை இன்றும் மதிக்கிறேன். எலும்பை முறிப்பது வேறு, கண்டிப்பது வேறு.

பதில் 3 (குடும்ப ஆலோசகர்)

முதலில் மேலே எழுதிய நண்பருக்கு. நீங்கள் நன்றாக வாழ்வதில் எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி. ஆனால் அடியினால் நன்றாக இருக்கிறீர்களா, அடியையும் தாண்டி நன்றாக இருக்கிறீர்களா என்பதை ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலரும் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டார்கள். கடும் வன்முறையை விலக்கிவிட்டு, வெறும் கையால் பிட்டத்திலோ கைகால்களிலோ அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டபோதும், அது முரட்டுத்தனத்தோடும் மனநலக் குறைவோடும் பெற்றோருடனான உறவுச் சிதைவோடும் சேர்ந்தே காணப்பட்டது. குழந்தை மேம்பட்டதோடு அது எங்கும் சேர்ந்து வரவில்லை. கண்டிப்புக்கும் காயத்துக்கும் நடுவே நீங்கள் போடும் கோடு, கோபத்தில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேள்வி கேட்ட ஐயாவின் கதையிலேயே 'தட்டு' எப்படித் தடமானது என்று பாருங்கள்.

ஐயா, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் காலணி அணிய அடம்பிடித்தது அன்று முதல் முறையாக இருந்திருக்காது. விடுமுறை நாளில் அதையே செய்திருந்தால் நீங்கள் சிரித்திருக்கவும் கூடும். குழந்தை செய்தது இரண்டு நாளும் ஒன்றுதான். மாறியது உங்கள் கடிகாரம். அடிக்கான காரணத்தைத் தேடும் பெற்றோர் அநேகமாக எல்லாருமே குழந்தையின் செயலில் அதைத் தேடுகிறார்கள், நான் பெரியவரின் அன்றைய நிலையில் தேடச் சொல்வேன். பணநெருக்கடி, வேலையிழப்பு, மது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, கணவன் மனைவிக்கு இடையிலான வன்முறை, தோள்கொடுக்க ஆளில்லாத தனிமை ஆகியவை அந்த நிலையைக் கெடுப்பவை. இவற்றில் எதுவும் தனியாக யாரையும் அடிக்க வைத்துவிடுவதில்லை. வறுமையில் உழலும் பெற்றோரில் மிகப் பலர் பிள்ளைமேல் கை ஓங்குவதுகூட இல்லை.

அந்த நிலைக்கும் அடிக்கும் இடையில், பெற்றோரின் மனத்தில் ஒரு வாக்கியம் வேண்டியிருக்கிறது: 'இவள் வேண்டுமென்றே செய்கிறாள்.' இரண்டு வயதுக் குழந்தை படுக்கையை நனைப்பதிலும், ஆறு வயதுக் குழந்தை மந்தமாகக் கிளம்புவதிலும் தங்களை அவமதிக்கும் நோக்கத்தைப் படித்துவிடுவது, அடிக்கும் பெற்றோரிடம் அடிக்கடி காணப்படும் ஒரு பழக்கம். அந்த வயதில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற தெளிவின்மையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இன்னொரு கண்ணி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. அடித்தவுடன் குழந்தை அந்தச் செயலை நிறுத்திவிடுகிறது. அந்த உடனடி அமைதிதான் பெற்றோருக்குக் கிடைக்கும் கூலி. குழந்தை எதையும் கற்றுக்கொள்ளாததால் செயல் திரும்ப வருகிறது, பழைய அடிக்கு இப்போது பலன் குறைந்திருப்பதால் கை இன்னும் வேகமாக இறங்குகிறது.

அடிபட்டவன் அடித்துத்தான் தீருவானா என்று கேட்டீர்கள். இல்லை. ஜோன் காஃப்மனும் எட்வர்ட் ஸிக்லரும் 1987இல் கிடைத்த ஆய்வுகளை அலசி, வன்கொடுமைக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தம் பிள்ளைகளிடம் அதைத் திரும்பச் செய்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். அடிபடாதவர்களைவிட இது அதிகம்தான். ஆனாலும் பெரும்பான்மையினர் அந்தச் சங்கிலியை அறுத்துவிடுகிறார்கள். அப்படி அறுத்த தாய்மார்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, சிறுவயதில் ஆதரவாக நின்ற ஒரு பெரியவர், பிற்காலத்தில் பெற்ற உளச்சிகிச்சை, துணையாக நிற்கும் வாழ்க்கைத்துணை ஆகிய மூன்றையும் அவர்களிடையே அதிகமாகக் கண்டது. உங்கள் மனைவி அந்தத் தடத்தை மூடி மறைக்காமல் உங்களை அழைத்துக் காட்டியிருக்கிறார், அவரைக் கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். கோபம் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு நீங்கள் நகர்ந்தால், அந்த வேலையை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். உங்கள் தந்தையின் இடைவாரைப் பற்றி ஓர் ஆலோசகரிடம் நேரில் பேசுங்கள். சபதம் மட்டும் போதவில்லை என்பதைத்தான் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பதில் 4

நான் அடிபட்டு வளர்ந்த ஒரு பெண். எனக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. பூட்டில் சாவி திரும்பும் ஓசையை வைத்தே அப்பா எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்று சிறுவயதில் எனக்குச் சொல்லத் தெரியும். உடல்வன்முறைக்கு ஆளான குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட மங்கலான படத்திலேயே கோபமுகத்தை அடையாளம் கண்டுவிடுவதாக ஓர் ஆய்வைப் பின்னாளில் படித்தபோது, அந்தச் சாவி ஓசைதான் நினைவுக்கு வந்தது. அந்தத் திறமை என்னைவிட்டுப் போகவே இல்லை. அலுவலகத்தில் மேலாளர் கதவைச் சற்று வேகமாகச் சாத்தினாலும் என் வயிறு இறுகுகிறது. யாரும் கோபப்படாத இடத்திலும் கோபத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, நானே முந்திக்கொண்டு சீறியிருக்கிறேன். அதில் நல்ல நட்புகள் சிலவற்றை இழந்தேன்.

பாடத்தில் கவனமின்மை, உறக்கக்கேடு, மனச்சோர்வு என்று விளைவுகளைப் பட்டியலிடுவார்கள், எனக்கும் அவற்றில் சில வந்தன. பெரிய இழப்பு வேறு. நான் தவறு செய்தால் போய்ச் சொல்வதற்கு வீட்டில் ஆள் இருக்கவில்லை. பொய் சொல்லத்தான் அடி எனக்குக் கற்றுத்தந்தது.

உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், சகோதரரே. 'நீ அப்படிச் செய்ததால்தான்' என்று ஒரு சொல்கூட அதில் சேர்க்காதீர்கள். என் அப்பா ஒருமுறையாவது அதைச் செய்திருந்தால் என்று நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, அடித்தது என் தவறு, இனி அடிக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் சற்று நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் கையைத் தூக்கும்போது சொல்லிவிட்டுத் தூக்குங்கள் அப்பா" என்றாள். இன்று காலை அலமாரியிலிருந்து சீப்பை எடுப்பதற்கு முன் சொன்னேன். ஆலோசகரைப் பார்க்க அடுத்த வாரம் நேரம் கேட்டிருக்கிறேன். மனைவியும் உடன் வருகிறார்.