தொலைக்காட்சித் தொடர் நின்றுபோன அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

குடியாத்தம் பேத்தி

எந்தத் தொடர் என்று சொல்லப்போவதில்லை; சொன்னால் எல்லோரும் அதன் கதையைப் பேசத் தொடங்கிவிடுவீர்கள். இரவு ஒன்பது மணித் தொடர், நான்காம் ஆண்டாக ஓடிக்கொண்டிருந்தது, அது போதும். என் ஆயா பீடி சுற்றுபவர். மடியில் முறம், முறத்தில் ஈரத்துணியில் பொதிந்த இலை, ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் நூல். அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. ஒரு தொடர் முடிவதற்குள் இரண்டு கட்டு, அதாவது ஐம்பது பீடி. விளம்பரம் நீண்டால் கூடுதலாக ஐந்தாறு.

அடுத்த மாதத்தோடு அதை முடிக்கப்போகிறார்களாம் என்று கைப்பேசியில் படித்துச் சொன்னேன். வெட்டிய இலையைக் கையில் வைத்தபடியே, "கடுதாசி எழுது" என்றார். "தயவுசெய்து நிறுத்த வேண்டாம்" என்று நான் தொடங்கியதும் தடுத்தார். "நிறுத்தறது அவங்க இஷ்டம். அந்தப் பொண்ண அவ அப்பன் ஊட்ல கொண்டுபோய் உட்டுட்டு நிறுத்தச் சொல்லு. நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டுப் போவக்கூடாது." அப்படியே எழுதினேன். கீழே தம் பெயரை எழுத்துக் கூட்டி அவரே எழுதினார்.

கடிதத்தை நான் அஞ்சலில் சேர்க்கவில்லை. சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டேன். கடைசிப் பகுதியில் அந்தப் பெண் கையில் பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள், பேருந்து வருவதற்குள் "நன்றி" என்று எழுத்து வந்துவிட்டது. ஆயாவின் கையில் பாதி சுற்றியிருந்த இலை பிரிந்து தூள் முறத்தில் கொட்டியது. "கடுதாசி போய்ச் சேந்துதா?" என்று கேட்டார். சேர்ந்தது என்றேன்.

காட்பாடிக் கேபிள்காரர்

நீங்கள் அஞ்சலில் சேர்த்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, ஆகவே மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் சிறியது. காந்தி நகர்ப் பக்கம் ஒரு பெரியம்மா, தமக்குப் பிடித்த தொடரை நான்தான் நிறுத்திவிட்டேன் என்று நம்பி, மாதப் பணம் தர மறுத்துக் கதவைச் சாத்திவிட்டார். மறுமாதம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

ஆனால் தொடர் பார்ப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தொடரின் ஆயுளைத் தீர்மானிப்பது கடிதமும் கண்ணீரும் அல்ல, மீட்டர். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) என்னும் அமைப்பு நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. அலைவரிசையின் ஒலியோடு நம் செவிக்கு எட்டாத ஓர் அடையாளம் கலந்து வருகிறது, அதை வைத்து எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று அந்த மீட்டர் குறித்துக்கொள்ளும். எந்த வீடு என்பது இரகசியம். வாரந்தோறும் வியாழக்கிழமை எண் வெளிவரும், அதைப் பார்த்துத்தான் விளம்பரதாரர் பணம் போடுவார். உங்கள் வீட்டில் மீட்டர் இல்லையென்றால் நீங்கள் பார்த்தாலும் ஒன்றுதான், பெட்டியை அணைத்துவிட்டு உறங்கினாலும் ஒன்றுதான்.

முடியப்போகும் தொடருக்கு அறிகுறிகள் உண்டு. இரவில் ஓடியதை மதியத்துக்கு மாற்றுவார்கள். இரண்டு தொடர்களின் குடும்பங்களை ஒரே திருவிழாவில் சந்திக்கவைத்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போன கல்யாணம் நான்கு நாளில் நடந்து முடியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: புதிய தொடரின் முன்னோட்டம் நேரம் குறிப்பிடாமல் ஓடினால், ஏதோ ஒரு பழைய தொடருக்கு நாள் எண்ணுகிறார்கள் என்று பொருள். இவற்றைக் கண்டதும் மனத்தை மெல்ல விடுவித்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு ஒரே சமயத்தில் இரண்டு தொடர்களைப் பழக்கிவிடுங்கள். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

ஆம்பூர், தோல் ஷூ கம்பெனி

இரண்டு தொடர் பழக்கச் சொல்பவர் கறவை மாட்டைப் பற்றிப் பேசுகிறாரா என்று தெரியவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. "எதிர்நீச்சல்" தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, அன்று காலை அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். எங்கள் தையல் வரிசையில் செய்தி பரவும்போது நான் ஷூவின் மேல்தோலை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "ஐயோ, அப்போ சீரியல் நின்னுடுமா?" என்பதுதான். பக்கத்து மெஷினில் இருந்த அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்காவின் கணவர் அதே ஆண்டுதான் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார் என்பது எனக்குத் தெரியாததன்று.

மாலை கம்பெனிப் பேருந்தில் நாள்தோறும் யாராவது ஒருத்தி குணசேகரனைப் போல அதட்டிப் பேசிக்காட்டுவாள், பேருந்தே சிரிக்கும். அன்று ஒருவரும் பேசவில்லை. தொடர் நிற்கவில்லை, அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், 2024 ஜூன் வரை ஓடியது. நானும் கடைசி வரை பார்த்தேன். ஆனால் அந்த அக்காவோடு அதன்பின் தொடர் பற்றிப் பேசியதில்லை.

கணியம்பாடி, ஓய்வு பெற்ற ஆசிரியர்

பார்ப்பவர்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று கேபிள் நண்பர் முடித்துவிட்டார். தூர்தர்ஷனில் இராமாயணம் ஓடிய கதையை அவர் அறியார் போலும். 52 பகுதிகள் என்று தொடங்கியது 78 பகுதிகளாக நீண்டது. 1988 ஜூலை 31 அன்று அது முடிந்த சமயத்தில், வால்மீகியைத் தம் முன்னோராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர்கள் உத்தர காண்டமும் வேண்டும் என்று வடநாட்டு நகரங்கள் சிலவற்றில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காண்டத்து லவகுசர் கதை பிறகு வந்தது. மீட்டர் வைத்தா அதைக் கேட்டார்கள்?

எங்கள் ஊரில் அப்போது பஞ்சாயத்துப் பெட்டி ஒன்றுதான். இந்தி யாருக்கும் தெரியாது. கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு பழைய ராணுவத்துக்காரர் ஞாயிறுதோறும் மிதிவண்டியில் வருவார் (அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் என்பது இப்பக்கத்தார் அறிந்ததே). பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வார். இராமன் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் பேசினான்.

தொடர் முடிந்த மறு ஞாயிறு, பழக்கத்தில் ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டி பூட்டியிருந்தது. மிதிவண்டியை நிறுத்திவிட்டு அவரும் வந்தார். நாங்கள் கலையாமல் இருப்பதைப் பார்த்தார். பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "அதுக்கப்புறம் இன்னா ஆச்சுன்னா" என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் சொன்னார்.

2020 மார்ச் 28 அன்று, ஊரடங்கில், அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். இடைக்காலத்தில் நான் இந்தி கற்றுத் தேறியிருந்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது: மனிதர் பாதிக்கு மேல் தாமாகவே கட்டிச் சொல்லியிருக்கிறார். கும்பகருணனை எழுப்பும் இடத்தில் அவர் சொன்ன நகைச்சுவை எதுவும் அதில் இல்லை. அந்த இடத்தோடு எனக்கு அலுத்துவிட்டது. நான் தேடியது எந்த நாடாவிலும் பதிவாகாத தொடர்.

காட்பாடிக் கேபிள்காரர்

ஐயா, அது அரசாங்க அலைவரிசை. தனியார் கணக்கு வேறு. வேலைநிறுத்தம் செய்தால் உங்கள் தெருவில் குப்பை சேருமே தவிர மீட்டர் எண் ஏறாது. மற்றபடி அந்தப் பட்டாளத்துக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

குடியாத்தம் பேத்தி

அறிகுறிகளை நான் கேட்கவில்லை, கேபிள் அண்ணா. ஆனால் நேரம் சொல்லாத முன்னோட்டம் இப்போதும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுதியதிலிருந்து அது வரும்போதெல்லாம் ஆயாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடிதம் ரேஷன் அட்டை உறைக்குள் இருக்கிறது. அதே ஒன்பது மணிக்கு வரும் வேறொரு தொடரை ஆயா பார்க்கிறார், அதற்கும் இரண்டு கட்டுதான். பதில் வந்ததா என்று போன வெள்ளிக்கிழமையும் கேட்டார். தபால்காரர் நம் தெருப் பக்கம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவைத்தேன்.