உள்வாங்கிய இனத் தாழ்வுணர்வு: சிகிச்சையில் எப்படித் தொடங்குவது?

கேள்வி:
தன் இனத்தைப் பற்றிச் சமூகம் சொல்லும் இழிவை ஒருவர் தானே நம்பிவிடுவதுதான் உள்வாங்கிய இனத் தாழ்வுணர்வு. சிகிச்சைக்கு வரும் கறுப்பினத்தவர் ஒருவர், "எங்க ஆளுங்களே சோம்பேறிங்க" என்கிறார். ஆலோசகர் உடனே மறுக்கலாமா?

பதில் 1:
வேண்டாங்க. மறுத்தால் வெட்கம் கூடும், பேச்சு அடைபடும். அந்த வாக்கியம் முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது, அப்போது இவருக்கு என்ன வயது, அதை நம்பியதால் எதிலிருந்து தப்பினார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அது பெரும்பாலும் பிழைக்கக் கற்ற வழி. அதை மதித்த பிறகுதான் "இது உண்மையா?" என்ற கேள்விக்கே இடம்.

பதில் 2:
நடந்த பாகுபாட்டைச் 'சிந்தனைப் பிழை' என்று எழுதிவிடாதீர்கள். எண்ணங்களைச் சோதித்து மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் (CBT) அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: வெளியே நடந்தது ஒன்றில், அதிலிருந்து தன்னைப் பற்றி எடுத்த முடிவு மற்றதில். சோதிக்க வேண்டியது இரண்டாவதை மட்டுமே.

பதில் 3:
அமெரிக்க உளவியலாளர் வில்லியம் கிராஸ் 1971-இல் முன்வைத்த கறுப்பின அடையாள மாதிரியும் உதவும்; கறுப்பினத்தவரின் இன அடையாள உணர்வு எந்தெந்த நிலைகளில் வளர்கிறது என்று அது சொல்கிறது. ஏதோ ஒரு நிகழ்வு பழைய நம்பிக்கையை உடைத்ததும் கடுங்கோபம் வரலாம். அதை நோய் முற்றியதாக எண்ணி அடக்கப் பார்ப்பது பெரும் தவறு. நிலைகள் நேர்கோட்டிலும் போகாது, திரும்பி வரும்.

இன்னொன்று: ஆலோசகர் வேறு இனத்தவரானால், அதை முதல் அமர்விலேயே அவரே எடுத்துப் பேசட்டும்.