அம்மாவின் நினைவாக நட்ட பலாக்கன்று வாடுகிறது

அம்மா கடைசியாக அறுத்த வரிக்கைப் பலாப்பழத்தின் (கெட்டியான சுளை உள்ள வகை) விதை இது. உடைந்த மண்பானையில் அவரே ஊன்றியது. அவருடைய பதினாறாம் நாள், ஜூன் இறுதியில், கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் விளையின் (தோட்டத்தின்) தாழ்ந்த மூலையில் நட்டோம். அங்கேதான் அவர் உட்காருவார், வேறெதுவும் யோசிக்கவில்லை.

இப்போது 4 மாதம், 3 அடி உயரம். இரண்டு வாரமாக அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தூரில் பட்டை கருத்து, விரலால் அழுத்தினால் நெகிழ்கிறது. ஐப்பசி மழைத் தண்ணீர் அரை நாள் தேங்கி நிற்கிறது.

வேப்பம்பிண்ணாக்கு வைத்தேன், வாய்க்கால் வெட்டினேன், பூஞ்சையைக் கொல்லும் 1 சதவீத போர்டோ கலவை ஊற்றினேன். கேட்கவில்லை. நுனிக்குருத்து மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது. தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆணிவேர் அறுந்துவிடுமோ என்று தொடப் பயமாக இருக்கிறது. மண்கட்டியோடு பெயர்த்து இப்போதே மேட்டில் நடலாமா, மழை ஓயும்வரை பொறுக்க வேண்டுமா?