உப்புக் கிணறும் பன்னீர் திராட்சையும்: கருகலுக்கு வழி உண்டா?

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம், கடலுக்கு அருகில் வீடு. மணல் தரை. தை மாதம் தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து வாங்கி வந்த பன்னீர் திராட்சைப் பதியன்கள் ஒற்றைத் தண்டாக ஆறடி ஏறிப் பந்தலைத் தொட்டன. நுனி கிள்ளி, பக்கக் கிளைகளை இரண்டு பக்கமும் கட்டிவிட்டேன். அதுவரை குறையில்லை.

சித்திரைக்குப் பிறகுதான் தொல்லை. அடி இலைகளின் விளிம்பு பழுப்பாகி, உள்நோக்கிக் காய்ந்துகொண்டே வருகிறது. தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. இலை நடுவும் நரம்பும் பச்சையாகவே இருக்கின்றன, கொழுந்துக்கும் சேதமில்லை. இலையின் அடிப்புறத்தில் வெள்ளைப் பூஞ்சையோ பூச்சியோ கண்ணில் படவில்லை. ஆனால் பாத்தி காய்ந்தால் மண்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கிணற்று நீரை வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தேறும்.

பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை அடித்துப் பார்த்தேன், பலனில்லை. (உரக்கடையில் நோய் என்றே சாதித்தார்கள்.) தொழு உரம் போட்டு, தென்னை மட்டையால் மூடாக்கு இட்டேன். தென்மேற்குக் காற்றுக்குப் பச்சை வலை கட்டியாயிற்று. வாரம் ஒருமுறை விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரை வேரில் தேங்கவிட்டபோது புது இலைகள் சுத்தமாக வந்தன. அதையே தொடர எனக்குக் கட்டுப்படியாகாது.

உப்பைத் தாங்கும் என்று டாக்ரிட்ஜ் என்ற திராட்சை வகையின் வேர்ச்செடியில் ஒட்டிய கன்றுகளைச் சொல்கிறார்கள். நம் கடலோரத்தில், இப்படிப்பட்ட கிணற்று நீரிலேயே அதை வளர்த்துக் காய் பறித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?