பொருள்: ‘ஸ்பெசிஃபிக் லீஃப் ஏரியா’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மேலூர் ஆசிரியை:
வணக்கம். ‘மரநாற்றுகளின் இலையமைப்பு’ என்று ஒரு செய்முறைத் தாள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பள்ளியில் புங்கன் கன்றுகள் பாதி பச்சை வலைக்குள், பாதி வெயிலில். வலைக்குள் இருப்பவை மெலிசாக, அகலமாக இலை விட்டிருக்கின்றன. வெயிலில் நிற்பவை சின்னதாக, தடிப்பாக. பச்சை இலையைக் கட்டத்தாளில் வரைந்து பரப்பு எடுத்து, காய்ந்தபின் அதன் எடையால் வகுக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்பெசிஃபிக் லீஃப் ஏரியா’ எனும் அந்த ஈவுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘இலைமென்மை’ போதுமா?

திருநகர் தமிழையா:
ஸ்பெசிஃபிக் ஹீட் தன்வெப்பம் என்றால் இது தன்னிலைப்பரப்பு. தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும்: தன்+இலை, தன்னிலை. அப்புறம், மரத்துக்கு ‘நாற்று’ ஆகாது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவுயிருக்கு, அதாவது மரஞ்செடிகளின் இளமைக்கு, பிள்ளை, குழவி, கன்று, போத்து என்று நான்கு பெயர் தந்து, நெல்லையும் புல்லையும் அதிலிருந்து விலக்குகிறது. நாற்று நெல்லுக்கு. தலைப்பைத் திருத்துங்கள்.

உசிலம்பட்டி அன்பர்:
ஐயா, அதே மரபியலில் புறத்தே வைரம், அதாவது கெட்டிப்பகுதி, உள்ளது புல். அப்படியானால் தென்னை புல். பிறகு தென்னம்பிள்ளை எங்கிருந்து வந்தது?

நாகமலை, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:
பிள்ளையை இறக்கிவிட்டு இலைக்கு வருவோம். வெயிலில் பாலிசேட் செல்கள், இலையின் மேல்தோலுக்குக் கீழே வேலிக்கு ஊன்றிய கம்புகள்போல் நிற்பவை, நீளும். சிலவற்றில் இன்னோர் அடுக்கும் சேரும். தண்ணீர் குறைந்தால் இலை விரிவது சுருங்கும், திசு இறுகும். இரண்டிலும் ஈவு பொதுவாக இறங்கும். ஆனால் தடிப்பு மட்டும் கணக்கில்லை, திசுவின் அடர்த்தியும் சேர்ந்தது. மெலிசான இலையும் இறுகியிருந்தால் ஈவு குறையலாம். எனவே ‘மென்மை’ தவறு. பரப்பு, எடை இரண்டும் காதில் விழ வேண்டும். ‘எடைவழி இலைப்பரப்பு’ என் யோசனை. (புங்கன் கூட்டிலை. சிற்றிலையைத்தானே வரைகிறீர்கள்?)

திருநகர் தமிழையா:
அது பெயரல்ல, விளக்கம். தன்வெப்பத்தை ஏற்ற நாக்குக்குத் தன்னிலைப்பரப்பு கசக்கிறதா?

மேலூர் ஆசிரியை:
சிற்றிலைதான் ஐயா, காம்பில்லாமல். நேற்று இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிப் பார்த்தேன். ‘தன்னிலை’யைப் பார்த்ததும் ஒரு பையன், “மரம் தானே நிக்கிற இடமா டீச்சர்?” என்றான். தன்+நிலை என்று பிரித்துவிட்டான். இலக்கணப்படி அவனும் சரிதானே? ‘எடைவழி’யை யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுவே அச்சுக்குப் போகிறது. தலைப்பில் கன்று.

உசிலம்பட்டி அன்பர்:
சரி, எனக்கும் சம்மதம். தூக்கம் வருகிறது.

திருநகர் தமிழையா:
கன்றுக்கு நன்றி. எடைவழிக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லுக்கு நடுவே சிறு கோடு போட்டிருந்தால் பையனும் குழம்பியிருக்க மாட்டான். தென்னம்பிள்ளைக்கு விடை நீளம், நாளை எழுதுகிறேன்.